வெள்ளிக்கிழமை அறையில் மூன்று வில்லைகள்

அண்ணியை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘வீக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். "வீக்கம் வந்தாச்சா?", "வீக்கம் சாப்பிடப் போயாச்சா?" என்று படிக்கட்டு ஏறும்போதே காதில் விழும். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அண்ணி நூல் மாதிரி இருப்பார். மின்விசிறியை வேகமாக வைத்தால், "மெதுவா வைடா, மருமக பறந்துடப் போறா" என்பார் அப்பா. பிறகுதான் புரிந்தது, அந்தப் பெயர் வேலைக்கு வைத்த பெயர். தான் செய்கிற ஜெல் எந்தத் திரவத்தில் எவ்வளவு வீங்குகிறது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் சில வருடங்களாக அண்ணியின் படிப்பு, பிழைப்பு, பேச்சு எல்லாமே.

அண்ணன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, நான். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில்தான் அண்ணியின் கல்லூரி. தினமும் ஸ்கூட்டரில் இறக்கிவிடுவேன். சாமான் இருந்தால் மாடிவரை தூக்கிக்கொண்டு போவேன். போனால் உடனே திரும்ப மனம் வராது. ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை அது. தண்ணீர் போலத் தெளிந்த ஓர் அமிலம்; நெடி மூக்கைப் பிடுங்கும். அதில் இழைக்கு இழை முடிச்சுப் போடுகிற பொடி ஒன்று, காரியத்தைத் தொடங்கிவைக்கிற பொடி ஒன்று. பிறகு நைட்ரஜனைக் குமிழ் குமிழாக விட்டு, கலவைக்குள் ஒளிந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டுவார். விரட்டாவிட்டால் விடிய விடியக் காத்தாலும் அது தண்ணீராகவே கிடக்குமாம். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி வெந்நீரில் நிறுத்தினால் உள்ளே மெல்லக் கெட்டிப்படும். குழாயை உடைத்து, வந்த தண்டைப் பிளேடால் வில்லை வில்லையாக நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவார். அந்தத் தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் மாற்றுவார். சேராமல் மிஞ்சிய அமிலம் விஷம், அது முழுக்க வெளியேற வேண்டும் என்பார். மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். "வீக்கம் தண்ணி மாத்திக்கிட்டே கிழவியாயிடும், பட்டம் வாங்கக் கோல் ஊனிக்கிட்டுத்தான் போகும்" என்று பக்கத்து மேசைக்காரி சொல்வாள். அண்ணி சிரித்துக்கொண்டே குடுவையைக் கவிழ்ப்பார்.

காய்ந்த வில்லை சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். லேசான மஞ்சள், கண்ணாடி மாதிரி. அமிலத்தில் போட்டால் உம்மென்று அப்படியே கிடக்கும். அமிலம் குறைந்த திரவத்தில் போட்டால் தண்ணீரைக் குடித்துக் குடித்து, தன் எடையைப்போல் பல மடங்கு ஊதி, உள்ளங்கையில் ததும்புகிற தெளிந்த கட்டியாகிவிடும். இதில் மருந்தை வைத்து விழுங்கினால், இரைப்பையின் அமிலத்தில் மூடியே கிடந்து, குடலுக்கு இறங்கியதும் திறந்து மருந்தை விடும். அதுதான் அண்ணியின் ஆராய்ச்சி. அப்பாவுக்கு இதை விளக்கியபோது, அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷம் பஸ்ஸில ஹாரன் ஊதினேன், எனக்கு யாரும் டாக்டர் பட்டம் தரலை. உன் ஜெல்லி ஊதினா தர்றாங்களா?" என்றார். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மருமக வயித்துக்குள்ள பாதை தெரிஞ்ச மருந்து செய்யறா" என்று அவர்தான் முதலில் சொல்வார்.

ஒரே ஒரு தொல்லை அண்ணியை விடாமல் துரத்தியது. ஊதிய வில்லையைத் திரும்ப அமிலத்துக்கு மாற்றினால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி, தோல் மாதிரி இறுகிவிடும். உள்ளே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். வரைபடம் கோணலாகும். அவருடைய பேராசிரியர் அந்தக் கோணலில் பேனாவால் வட்டம் போட்டு, "இந்தத் தோலை உரிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிடுவார்.

எதையும் மூன்று முறை அளக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே ஒவ்வொரு திரவத்துக்கும் மூன்று வில்லைகள். ஏழு திரவம். அண்ணி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மருந்துக் கடைகளில் விற்குமே, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு குட்டி அறை வைத்த நீல நிற மாத்திரைப் பெட்டி, அதுதான். ஞாயிறு கடும் அமிலம், அப்படியே ஏறி ஏறி, சனி நல்ல காரம். நாளடைவில் ஆய்வுக்கூடத்தில் பேச்சே அப்படி ஆகிவிட்டது. "வெள்ளி நல்லா வீங்குது, ஞாயிறு அசையவே இல்லை" என்று பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அப்படி ஒரு பெட்டி வாங்கப் போன அன்று அண்ணி இரண்டாக வாங்கினார். இன்னொன்று அப்பாவுக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று காலையில் அவருக்கு மூன்று மாத்திரை. அம்மா வாரா வாரம் வியாழக்கிழமை இரவு நிரப்பி வைப்பாள்.

ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தின் உலர்த்தும் அடுப்பு பழுது. அண்ணி வில்லைகளை வீட்டிலேயே காயவைத்து, பெட்டியில் போட்டு, ஈரம் படாத இடம் என்று ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருந்தார். அப்பாவின் பெட்டி சாப்பாட்டு மேசையில் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை மேசையைத் துடைத்த அம்மா, கைக்கு எட்டிய ஃப்ரிட்ஜ் மேல் அப்பாவின் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறாள். துடைத்து முடித்ததும் ஒன்றை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். மற்றதை அண்ணி பையில் போட்டுக்கொண்டார். இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் கண்ணாடிக் குழாய்கள் இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணி தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். அவர் எதையும் கையால் தொடமாட்டார், இடுக்கிதான். வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்து, இடுக்கியை உள்ளே விட்டு, எடுத்துத் தட்டில் வைத்தார்.

வெள்ளை மாத்திரை. நடுவில் கோடு போட்டது.

தராசு ஒன்றும் அறியாததுபோல் அதற்கும் ஓர் எடை காட்டியது.

அண்ணி இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் மாத்திரை. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அதுவரை புத்தகத்தில்தான் படித்திருந்தேன். பக்கத்து மேசைக்காரி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தம்பி, இது மாமாவோட பெட்டி" என்றார் அண்ணி.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. அப்பாவுக்கு இன்று மாத்திரை இல்லையே, எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்றுதான் யோசித்தேன். அண்ணி போனில் அம்மாவைப் பிடித்துவிட்டார். அம்மா பேசியது எனக்கும் கேட்டது. மாத்திரை போட்டு நேரமாகிவிட்டது, பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், டாக்டர் போன வாரம் மாற்றி எழுதிய மாத்திரை வழுவழுவென்று தொண்டையில் ஒட்டுகிறது என்று ஒரே புலம்பல், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அண்ணி கேட்ட அடுத்த கேள்விதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

"அத்தை, எழுந்ததும் வெறும் வயித்துல போடுவாரே, அமிலத்துக்கு, அந்த மாத்திரை? அதைப் போட்டாரா?"

அதை அவர் மறந்ததே கிடையாது என்றாள் அம்மா. நெஞ்செரிச்சலுக்குப் பயந்து, பல் தேய்ப்பதற்கு முன்னால் அதுதான்.

அண்ணி போனை வைத்துவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் சொன்னார், முழுசாகக்கூட இல்லை, துண்டு துண்டாக. இரைப்பையில் அமிலம் இருக்கும் என்று நம்பித்தான் இத்தனை வருடக் கணக்கும். அப்பாவின் இரைப்பையில் அது இல்லை. தினமும் மாத்திரை போட்டு அணைத்துவைத்திருக்கிறார். வில்லை அங்கேயே ஊத ஆரம்பித்திருக்கும். விஷம் இல்லை, கழுவியிருக்கிறேன், நல்லாக் கழுவியிருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கா, அவருக்கேயா என்று தெரியவில்லை.

அப்பா சட்டைகூட மாற்ற மறுத்தார். ஒரு மாத்திரை மாறினதுக்கு ஊர்வலமா என்றார். அம்மாவை வரவேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம், அவளுக்கு முட்டிவலி. அம்மாவுக்குப் பயம் வந்தால் வீட்டைத் துடைப்பாள். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போதே உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஆட்டோவில் அப்பா நடுவில். கொஞ்ச தூரம் போனதும் வயிறு திம்மென்று இருப்பதாகச் சொன்னார். பிறகு அண்ணியைப் பார்த்து, "ஏம்மா, உன் சாமான் உள்ள போய் வெடிக்குமா?" என்று கேட்டார்.

"வெடிக்காது மாமா. ஊதும்."

"எவ்ளோ ஊதும்?"

அண்ணிக்கு உலகத்தில் வேறெதையும்விட நன்றாகத் தெரிந்த பதில் அது. தசமப் புள்ளி போட்டுச் சொல்லக்கூடியவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. முன்னால் போகிற பஸ்ஸைப் பார்த்து, "டிரைவருக்குக் கிளட்ச் மேலயே கால்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

மருத்துவமனையில் தொண்டை வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்க்கிற டாக்டரம்மா நடு வயதுக்காரர், படபடப்பு இல்லாதவர். அண்ணி ஒரே மூச்சில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். மூன்றையும் விழுங்கினீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். "முழுங்காம? ரோட்டுல போட்டேனா?" என்றார் அப்பா. டாக்டரம்மா அண்ணி பக்கம் திரும்பினார். குடலுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அங்கே இன்னும் ஊதும் என்றார் அண்ணி. அடைக்குமா என்று கேட்டார். அண்ணி தலையை மட்டும் அசைத்தார். அடைத்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அப்பா முதல்முறையாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

பொருள் தெரிந்த ஆள் என்பதால் அண்ணியைக் கதவோரம் நிற்க விட்டார்கள். அவர் தோளுக்குப் பின்னால் நான். திரையில் அப்பாவின் உட்புறம் ரோஜா நிறத்தில் ஈரமாகத் தெரிந்தது. பெற்ற தகப்பனின் உள்ளே பார்ப்பது என்னவோ பார்க்கக்கூடாததைப் பார்ப்பதுபோல் இருந்தது; ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. குழாய் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சட்டென்று, வெளிச்சம் பட்டு மின்னியபடி, ஒரு தெளிந்த கட்டி திரையில் உருண்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். தினமும் கண்ணாடிக் குடுவையில் பார்க்கிற அதே சாமான். இப்போது அதைச் சுற்றி மாமனாரின் இரைப்பை சுருங்கி விரிந்தது.

கவ்வியால் பிடித்தார்கள். வழுக்கியது. மறுபடி பிடித்தார்கள், ஓரம் பிய்ந்து வந்தது. வலையைப் போட்டால் வலையை நிறைத்துக்கொண்டு நழுவியது. தொண்டை வழியே இழுத்தால் பிசிறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டார். அப்படியே கேட்டார், இது எதற்காவது சுருங்குமா என்று.

"அமிலத்துக்குச் சுருங்கும்" என்றார் அண்ணி. சொன்ன வேகத்திலேயே முகம் மாறியது. "வேண்டாம் மேடம். சுருங்கினா குடல் வழியா நழுவிப் போயிடும். அங்க போய்..."

இரைப்பையின் கீழ்வாசல் திரையில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பெரிதாக இருந்தால் வெளியே எடுக்க முடியாது, சிறிதானால் உள்ளே போய்விடும். அண்ணி அந்தக் கட்டியையே பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கோணல் வரைபடத்தைப் பார்க்கிற முகம்.

"தோல்" என்றார். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அமிலம் பட்டதும் உடனே சின்னதாகாது. முதல்ல வெளிப்பக்கம் மட்டும் தோல் மாதிரி இறுகும். வழுக்காது, பிய்யாது. அளவு கொஞ்சந்தான் குறையும். சுருங்கி முடியறதுக்கு நேரமாகும். அதுக்குள்ள பிடிச்சுடணும்."

"எவ்வளவு நிச்சயம்?"

"அஞ்சு வருஷமா அதோடதான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்."

புண் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தெளிக்கிற வினிகர்த் தண்ணீர் தங்களிடமே இருக்கிறது, அது போதுமா என்று டாக்டரம்மா கேட்டார். போதும் என்றார் அண்ணி. கீழ்வாசலைக் குழாயால் மறித்தபடி தெளித்தார்கள். கட்டியின் மேல் பால் ஏறியதுபோல் வெண்மை படர்ந்தது. அண்ணி தனக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. "இப்ப" என்றார். வலை விழுந்தது. இந்தத் தடவை கட்டி அடங்கி உட்கார்ந்தது. முதலாவது வந்தது. இரண்டாவதும் வந்தது.

மூன்றாவது இல்லை.

எல்லா மூலையிலும் தேடினார்கள். கீழ்வாசல் வழியே குழாய் போகிற தூரம் போய்ப் பார்த்தார்கள். இல்லை. டாக்டரம்மா குழாயை வெளியே எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, அது இறங்கிப் போயிருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் தண்ணீர் மாதிரிதான் தெரியும், காத்திருந்து பார்க்க வேண்டியதுதான் என்றார். அண்ணி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குனிந்து, ஆறுதல் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். அமில மாத்திரை போட்டதுகூட ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் மூன்றும் சின்னதாகவே குடலுக்குப் போயிருக்கும். பிறகு, எழுந்திருக்கும்போது, சாதாரணமாகக் கேட்டார்: "ஆனா என்கிட்ட வர்ற பெரியவங்கள்ல பாதிப் பேர் அந்த மாத்திரை போடறவங்கதானே? உங்க மருந்து அவங்களுக்கெல்லாம் எப்படி வேலை செய்யும்?"

அன்று காலையிலிருந்து அண்ணியின் முகத்தில் எத்தனையோ அதிர்ச்சியைப் பார்த்திருந்தேன். இது வேறு மாதிரி இருந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே ஏதோ ஒன்று சரிந்த முகம்.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. வாளியில் ஏதோ இருக்கிறது என்றாள். உயிரா ஜடமா தெரியவில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது, துடைக்கிற துணியைப் பிழியப் போன கையில் வழவழவென்று பட்டது, கத்திக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள், முட்டி வலிக்கிறது, இறங்கப் பயமாக இருக்கிறது, நீ உடனே வா.

நான் அண்ணியிடம் போனைக் கொடுத்தேன். அண்ணி இரண்டே கேள்விதான் கேட்டார். மேசைக்கு அடியில் துடைத்தீர்களா? எவ்வளவு பெரிதாக இருக்கிறது? பிறகு போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

மயக்கம் தெளிந்த அப்பாவிடம் டாக்டரம்மா மறுபடி கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரகரத்த தொண்டையில், "ஒண்ணு கீழ விழுந்துச்சு" என்றார். மாத்திரையைக் கீழே போட்டால் அம்மா திட்டுவாளாம். குனிந்து தேடவும் முடியவில்லை. மூன்று என்று சொன்னால் மூன்றுதானே என்று விட்டுவிட்டாராம். திட்டுவதற்கு எங்கள் யாரிடமும் தெம்பு மிச்சமில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தோம். அம்மா நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தாள், ஆனால் வாளிப் பக்கம் போகவில்லை. அண்ணி முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை எடுத்தார். அவர் வெறுங்கையால் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுக்குத் தண்ணீரைக் குடித்தும் அது தெளிவாகவே இருந்தது, ஒரு கைப்பிடிக்கு அடங்காமல். அப்பா நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமா மாமா."

"இவ்ளோ பெருசா?" என்றவர், கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அவர் கேலி எதுவும் பேசாமல் இருந்த மாலை அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணி அடுத்த வாரம் முழுக்கக் கல்லூரிக்குப் போகவில்லை. விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் வந்து பேசினான். அம்மா பேசினாள். அப்பா மட்டும் ஒரு நாள் காலையில், அமில மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நான் விட முடியாதும்மா. விட்டா நெஞ்சு எரியும். நீதான் உன் சாமானுக்கு எதாவது சொல்லிக் கொடுக்கணும்" என்றார். அண்ணி குளித்து, பையை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்போது வில்லைகள் சிவப்பு மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் இருக்கின்றன. அந்த நீலப் பெட்டி கூடத்தில் எங்குமே இல்லை. யாரும் கிழமை சொல்லிப் பேசுவதும் இல்லை. மூடி திறக்கும்போது அண்ணியின் விரல் ஒரு நொடி தயங்கும். உள்ளே இருப்பதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் இடுக்கியை விடுவார். படிப்புக்கு இன்னும் ஒரு வருடம் கூடியிருக்கிறது, அமிலம் குறைந்த இரைப்பையிலும் ஊதாமல் கிடக்க வில்லைக்கு மேல் ஒரு பூச்சு பூசிப் பார்க்கிறார், பாதிக்கு மேல் தோற்கிறது. பேராசிரியர், முதலில் அனுமதித்த தலைப்போடு முடித்திருக்கலாமே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனபோது ஜன்னலோரம் குடுவைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் அமில அளவைச் சொல்கிற பிஹெச் எண் எழுதி ஒட்டியிருந்தது. கடும் அமிலத்துக்கும் குடல் திரவத்துக்கும் நடுவில், முன்பு இல்லாத ஒரு குடுவை. அதில் எண் இல்லை. அண்ணியின் கையெழுத்தில் ‘மாமா’ என்று இருந்தது.

பக்கத்து மேசைக்காரி அதைக் காட்டி, "வீக்கம், இன்னிக்கு மாமா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

அண்ணி குனிந்து குடுவைக்குள் பார்த்தார். அடியில் மூன்று வில்லைகள், பொத்தான் அளவிலேயே கிடந்தன.

"இதுவரைக்கும் ஊதலை" என்றார்.